மரம் குடித்த கடிதங்கள்

காய் உதிரும் மாதம், ஆறாம் நாள்

என் அன்பு மைக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது, நம்புகிறேன். பன்னிரண்டு பக்கம்! கடிதம் கொண்டுவருபவர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள செங்கல் எதுவும் வெச்சு அனுப்புறாரா?" என்று கேட்டார். நான் நான்கு முறை வாசித்தேன். அத்தை, மகன் எழுதியதாயிற்றே என்று, இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பிறகு வழக்கம்போலப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அடுத்த வீட்டுக்காரிக்கு அவள் அண்ணன் எழுதும் கடிதம் ஒரு நாழிகையில் கரைந்துவிடுகிறது. உங்கள் எழுத்து மட்டும் மூன்று நாள் முரண்டு பிடிக்கிறது. எழுதியவர் குணம், வேறென்ன. கரைந்த தண்ணீரை நம் துணைமரத்தின் வேரில் ஊற்றி, "மண்ணம்மா, உன்னிடம் வாங்கியது உன்னிடமே வந்தது, சொல்லை மரம் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மரத்தைப் பற்றித்தான் ஒரு கவலை. மணநாளில் நாம் இருவரும் சேர்ந்து நட்டது, வருகிற தளிர் மாதம் முதல் நாளோடு ஏழு ஆண்டு ஆகிறது. ஊர்த் துணைமரங்களுக்கெல்லாம் பொறுப்பான தோப்பம்மா வந்து எண்ணுவார். ஏழு புதுத்துளிர் இருந்தால் நம் மணமுடிச்சு நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் அவிழ்ந்துவிடும், பிறகு நீங்கள் யாரோ நான் யாரோ. இப்போதோ இலையெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. அடுத்த வீட்டு மரம் பச்சைப்பசேலென்று நிற்கிறது.

தேனீக்கள் நலம். காற்றிடம் அனுமதி கேட்காமல் மூன்றாம் பெட்டியைத் திறந்துவிட்டேன். இரண்டு கொட்டு. தப்பு என்மேல்தான்.

உங்கள்
தேனீக்காரி

*

காய் உதிரும் மாதம், பதினெட்டாம் நாள்

என் தேனீக்காரிக்கு,

நீ கொட்டு வாங்கியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு வருந்தினேன். வரிசை அதுதான், மறைக்கவில்லை.

மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நம் இருவர் பேச்சையும் கேட்டு வளர்ந்த மரம், இப்போது உன் குரல் மட்டும் கேட்டால் ஏங்கத்தானே செய்யும்? அதனால் இனிமேல் நான்கு நாளைக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அதுவும் உனக்கென்று தனியாக இரட்டைக் காய்ச்சல் காய்ச்சிய மையில். அரசாணைக்குக்கூட இந்தக் கறுப்பு கிடையாது.

அரண்மனையில் நேற்று அரசர் வேட்டைக்குப் போகுமுன் புல்லிடம் மன்னிப்புக் கேட்டார். வெறுங்காலோடு ஒரு நாழிகை நின்றார் பாவம், தும்மல் வந்துவிட்டது. எங்கள் மைப்பட்டறை வழக்கம்போல. கடுக்காய் இடிக்கிறேன், அன்னபேதி உப்பைக் கலக்குகிறேன், காய்ச்சுகிறேன், பானை கழுவுகிறேன். மற்றப் பட்டறைக்காரர்கள் கொல்லையில் ஒவ்வொரு களையிடமும் மன்னிப்புக் கேட்டுப் பிடுங்குவதற்குள் இடுப்பு ஒடிகிறது. என் கொல்லையில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. கொடுத்துவைத்தவன் நான்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது. இருமல் போய்விட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அம்மா பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அளவெடுத்த மாதிரி இருக்கிறது. எல்லாம் பழகிவிட்டது, கவலைப்படாதே.

உன்
மைக்காரன்

*

பனி மாதம், ஒன்பதாம் நாள்

என் மைக்காரருக்கு,

ஐந்து கடிதங்கள் வந்தன. ஐந்தையும் கரைத்து ஊற்றினேன். மரத்தில் பாதி இலை போய்விட்டது.

இதை நான் எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஊற்றிய மூன்றாம் நாளும் இலையோரம் கறுக்கிறது. இடையில் மழை பெய்து ஒரு வாரம் கடிதம் வரவில்லை, அந்த வாரம் மரம் தெளிவாக நின்றது. அத்தையும் கவனித்திருக்கிறார். நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அவன் எழுதுறதுல ஏதோ பொய் இருக்கு. மரத்துக்கு அது செரிக்கல."

பொய்ச் சொல்லைக் குடித்த மரம் பட்டுப்போகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுத்தானே வளர்ந்தோம்? இரண்டு ஆண்டாக நீங்கள் அங்கே, நான் இங்கே. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எழுதியதில் எது பொய்? அங்கே வேறு யாராவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். கோபப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதுவும் பொய்யாகிவிடும்.

தேனீக்காரி

*

பனி மாதம், இருபதாம் நாள்

என் உயிருக்கு,

வேறு யாரும் இல்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், மூச்சு விடு.

மற்றபடி பொய்யென்றால், நிறைய. என் அறைக்கு ஜன்னலே கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, பானைகளுக்குப் பின்னால் படுக்கிறேன். ஆறு என்று எழுதியது சாயப்பட்டறைச் சாக்கடை. சத்தம் கொஞ்சம் ஆறு மாதிரிதான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டால். இருமல் போகவில்லை. நானே சமைக்கிறேன், பாதிநாள் அடிபிடித்ததைத்தான் தின்கிறேன். தலைமை எழுத்தர் என்னைப் பாராட்டினார் என்று போன மாதம் எழுதினேனே, உண்மையில் அவர், "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்டார். அம்மாவின் சட்டையில் இடது கை நுழையவேயில்லை. அதைத் தலையணைக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

எல்லாவற்றிலும் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. எல்லாம் பழகிவிட்டது என்று எழுதினேனே, அதுதான். ஒன்றும் பழகவில்லை. காலையில் எழுந்ததும் உன் பெட்டிகளின் ரீங்காரம் கேட்கிறதா என்று இன்னும் ஒரு கணம் காது கொடுக்கிறேன். உன்னை விட்டு வந்திருக்கக் கூடாது. நீ வருத்தப்படுவாயே என்றுதான் மாற்றி எழுதினேன்.

இதை ஊற்று. மரம் பிழைத்துக்கொள்ளும்.

உன்
மைக்காரன்

*

பனி மாதம், கடைசி நாள்

என்னவருக்கு,

சட்டைக் கதையை வாசித்தபோது அத்தை சிரித்தார். ஜன்னல் இல்லை என்றதும் அழுதுவிட்டார். இப்போது பெரிய சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறார், அதில் இரண்டு பேர் நுழையலாம். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கடைசிப் பத்தியைக் கரைக்க மனமே வரவில்லை.

ஆனாலும் கரைத்து ஊற்றினேன். நிச்சயம் பிழைக்கும் என்று நம்பித்தான் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒன்பது இலை விழுந்தது. இருந்ததே ஒன்பதுதான்.

பொய்யையும் குடிக்கவில்லை, மெய்யையும் குடிக்கவில்லை. இந்த மரத்துக்கு என்னதான் வேண்டும்? தளிர் மாதத்துக்கு இன்னும் முப்பதே நாள். நீங்கள் எழுதினால் மரம் சாகிறது, எழுதாவிட்டால் நான் செத்துவிடுவேன் போலிருக்கிறது. எதையாவது யோசியுங்கள்.

தேனீக்காரி

*

பின்பனி மாதம், எட்டாம் நாள்

என் தேனீக்காரிக்கு,

எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று பார்க்காதே. அடுப்புக்கரியால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் பார்க்காமல் அழலாம் என்று கொல்லைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தரை. ஆண்டுக்கணக்காக மைப்பானை கழுவிய தண்ணீரை அங்கேதான் கொட்டுகிறோம். ஒரு புல்கூட முளைப்பதில்லை என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன்! மரமண்டை, மரமண்டை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நம் சொல்லில் ஒரு குறையும் இல்லை. என் மைதான். அதில் சேரும் அன்னபேதி உப்புதான் வேரைச் சுட்டிருக்கிறது. அன்பைக் கூட்டுவதாக நினைத்து இரட்டைக் காய்ச்சல் காய்ச்சி, நானே நம் மரத்துக்கு விஷம் வைத்திருக்கிறேன்.

உடனே இதைச் செய். வேரைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குப் பழைய மண்ணை எடுத்துவிடு. புழுக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தோண்டு. ஆற்றங்கரை மண்ணைக் கொட்டி, தினமும் வெறும் தண்ணீர் விடு.

அரண்மனையில் பழைய அரசாணைகளைக் கரைத்து ஊற்றும் தோட்டமும் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆணைகள் பிடிக்காமல் மண்ணம்மாவுக்குக் கோபம் என்று இத்தனை நாள் பேசிக்கொண்டார்கள். தலைமை எழுத்தரிடம் போய் உண்மையைச் சொன்னேன். முதலில் கத்தினார், பிறகு தானே வந்து என் கொல்லையைப் பார்த்தார். இனிமேல் விளக்குக்கரி மைதான் போலிருக்கிறது. அதைக் காய்ச்ச என்னைப் போல் ஆள் தேவையில்லை. வேலை போனாலும் போகும். எனக்கு வருத்தம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன், காணோம்.

உன்
மைக்காரன்

*

தளிர் மாதம், முதல் நாள்

என் அன்புக்கு,

நானும் அத்தையும் தோண்டினோம். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் கிளை நுனியில் ஒரு பச்சைப் பொட்டு. அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் பெட்டிக்காரிகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

இன்று காலை தோப்பம்மா வந்தார். உங்களுக்குத் தெரியுமே, சொந்தத் தங்கை மரத்திலேயே ஒரு துளிர் குறைகிறது என்று முடிச்சை அவிழ்த்தவர். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறு. ஏழாவது இன்னும் மூடிய மொக்கு. "மூடியிருக்கறது சேராது. உச்சிப்பொழுது வரைக்கும்தான் பார்ப்பேன்" என்றார். நான் மொக்கையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அத்தை உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். தன் முழங்கால் வலியில் ஆரம்பித்தார். அங்கிருந்து உங்களைப் பெற்றெடுத்தது, நீங்கள் சாம்பலைத் தின்றது, பிறகு நைசாகத் தோப்பம்மாவின் மருமகன் பக்கம் பேச்சைத் திருப்பினார். அவ்வளவுதான், தோப்பம்மா மடை திறந்தார். அந்த மருமகன் செய்த அசட்டுத்தனமெல்லாம் வந்து முடிவதற்குள் வெயில் உச்சியைத் தாண்டி மேற்கே சாய்ந்தது. தோப்பம்மா எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, கிளையைப் பார்த்தார். விரிந்திருந்தது, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

"ஏழு" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "வெயில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மருமகன் கதையை நான் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் முடிச்சு நிலைத்துவிட்டது. நான் மரத்தடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

இப்போது ஒரே ஒரு சிக்கல். நீங்கள் எழுதுவதில் பொய் இருந்தால் மரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். அந்தத் துணையும் போயிற்று. ஒன்றும் பழகவில்லை, என்னை விட்டுப் போயிருக்கக் கூடாது என்று எழுதினீர்களே, அது மெய்தானா என்று இனி யாரைக் கேட்பேன்? நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை நானும் கரியால்தான் எழுதியிருக்கிறேன், அங்கே கரைக்க வேண்டாம். கையோடு எடுத்து வாருங்கள், இங்கே இருவருமாகச் சேர்ந்து ஊற்றுவோம். அத்தைக்கும் அந்தச் சட்டையை உங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டுமாம்.

உங்கள்
மனைவி