தாத்தா ஏன் புளுகவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், உன் அப்பா சைக்கிள் டியூபால் கதவை இழுத்துக் கட்டிவைத்த ஃபிரிட்ஜும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுக்குட்டியும் சௌக்கியந்தானே. பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள், ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் தப்பித்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு கடைக்கு இஸ்திரி போடப் போனேன், ஒரு சட்டைகூடக் கருகவில்லை. நான் எப்போது அழுவேன் என்று கடையில் எல்லாரும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். வரவில்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அழுகை மட்டும் வரவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி வந்து, வாய்விட்டு அழுதுடுக்கா என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள். டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை கம்மி என்றாள்.

வாலு கண்டுபிடித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். பரீட்சை முடியும்வரை தாத்தா போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வேண்டாம், அவள் எழுதி அனுப்புகிற கேள்விக்கு அவர் பெயரில் நீயே பதில் எழுதும்மா என்றாய், எழுதினேன். போனைக் கண்டாலே ஓடுகிற மனுஷன், எழுதிக் கேட்டால்தான் அது கேள்வி என்பார், அதனால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் ரூம் குளிருமா என்று கேட்டிருந்தாள். ஊரிலுள்ள ஃபிரிட்ஜையெல்லாம் ரிப்பேர் பார்த்தவரோடு குடும்பம் நடத்தினவளுக்கு இது தெரியாதா. ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை வாரிப் பின்பக்கம் கொட்டுகிறது, கதவைத் திறந்து வைத்தால் மோட்டார் சூடும் சேர்ந்து ரூம் சூடாகத்தான் ஆகும் என்று எழுதினேன். அவருடைய கூட்டாளியிடம் காட்டினேன், எல்லாம் சரி அண்ணி என்றார். சரியாக இருந்ததுதான் தப்பாகிவிட்டது. நீ சின்னவளாக இருந்தபோது சாப்பிட உட்கார்ந்தால் அப்பா என்ன செய்வார், முதலில் வாய் கூசாமல் ஒரு புளுகு, நாம் புளுகு புளுகு என்று கத்தினால்தான் நிஜம் வரும். அந்தப் புளுகை நான் விட்டுவிட்டேன். வாலு காகிதத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தா ஏன் புளுகல, உடம்பு சரியில்லையா என்று கேட்டாளாமே.

இந்தத் தடவை ஒரு புளுகும் சேர்த்து எழுதிவிடும்மா என்கிறாய். உட்கார்ந்து பார்த்தேன். சம்மணம் போட்டால் கால் ஏன் மரத்துப் போகிறது என்ற அடுத்த கேள்விக்கு அவர் என்ன புளுகுவார் என்று யோசித்தபடி, ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் புளுகு ஒன்றும் வரவில்லை, கால்தான் மரத்தது. எழுந்தால் சுருக் சுருக்கென்று குத்து, டியூபைப் பிடித்தேன், அது அறுந்தது, விழாத குறை. இப்போது முக்காலியை முட்டுக்கொடுத்துக் கதவை மூடியிருக்கிறேன்.

அவர் பெயரில் இனி எழுதமாட்டேன். பாதி கண்டுபிடித்தவளிடம் மீதியை ஒளிக்காதே, பரீட்சை கிடக்கட்டும். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதே, எப்போ வருவார் என்று கேட்பாள். செத்துப்போய்விட்டார் என்றே சொல். அப்புறம் அவள் கால் கேள்விக்குப் பதில் கேட்டால் இதைப் படித்துக் காட்டு.

வாலு, உன் கால் மரத்துப் போகவில்லை. உன்னை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தது, செருப்பை மறந்துவிட்டதால் முள்ளில் நடந்து திரும்பி வருகிறது.

இங்கே நிறுத்து. அவள் புளுகு என்று கத்தினால் மேலே படி, கத்தாவிட்டால் மடித்து வைத்துவிடு, எந்த நாளில் கத்துகிறாளோ அன்றைக்குப் படி.

நிஜம் இதுதான். ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்தால் நரம்பு நசுங்கி மூளைக்குச் சேதி போகாது. எழுந்ததும் நரம்பு சேதியைக் கன்னாபின்னாவென்று அனுப்பும், அதுதான் குத்தல். காலை மெதுவாக ஆட்டு, சரியாகிவிடும்.

உனக்கு எப்பம்மா அழுகை வரும் என்று நீயும் ஒன்று கேட்டிருக்கிறாய். அதற்குப் புளுகும் தெரியவில்லை, நிஜமும் தெரியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே, மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். அடுத்த கேள்வியை என் பெயருக்கே அனுப்பச் சொல்.

உன் அம்மா.
வாலுவுக்கு, பாட்டி. தாத்தா இல்லை.