தறப்பாள் தெரியாத படம்

மொன்றியால், 2009 மார்ச்.

சங்கரின் மூக்கை இன்று உடைத்துவிட்டேன். வானிலிருந்து செய்மதி எடுக்கும் ரேடார் படங்களில் உலகத்துக் குடியிருப்புகளைக் குறிப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. சுவர்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக் விரிப்பான தறப்பாளில் கட்டிய கூடாரம் தெரியாது. முல்லைத்தீவுக் கரையில் நான் வைத்த குறியைப் பார்த்து, "பளிச்சுன்னு எதுவுமே தெரியலையே, இங்க யாரும் இல்ல" என்று அழித்தான் அந்தச் சென்னைக்காரன்.

காலையில்தான் தங்கச்சி அங்கிருந்து தொலைபேசியில் கதைத்திருந்தாள். "அண்ணை, தறப்பாளுக்குக் கீழ கிடக்கிறம். பக்கத்தில ஷெல் விழுந்து சனம் துண்டுதுண்டாக் கிடக்குது."

குத்தினேன். விசைப்பலகையெல்லாம் அவன் ரத்தம்.

"அங்க உங்க ஆளுங்க இருக்காங்களா?" என்றான்.

"ஓம்" என்றேன்.

மூக்கைப் பொத்தியபடியே குறியைத் திரும்ப வைத்தான்.

வில்லரே பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்ததிலிருந்து தங்கச்சி கதைத்த எண்ணுக்கு எடுத்துப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.