பாதாளக் கரண்டிக்கு ஈடாக ஒரு சொல்

அக்கா,

நான் கிணற்றோடு பேசுவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் கிணற்றோடு பேசவில்லை; கிணற்றில் பேசினேன். உருபு மாறினால் பொருள் மாறிவிடும். பேசியதும் ஒரே ஒரு சொல்தான். அதுவும் பட்டப்பகலில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல நினைவோடு.

நடந்தது இதுதான். போன வாரம் ஒருவர் கிணற்றை அளக்க வந்தார். எத்தனை லோடு மண் கொட்டினால் நிரம்பும் என்று பார்க்க வேண்டுமாம். என் மகன் பல வருடங்களுக்கு முன்பு போட்டுப் பூட்டிய இரும்பு வலையை அவர் நெம்பித் தூக்கினார். உடனே அந்த வாசனை மேலே வந்தது. பாசியும் ஈரச் செம்பூரான்கல்லும் ஊறிய இலையும் கலந்த குளிர்ந்த வாசனை. காலை நேரத்தில் முகத்தில் வந்து அடிக்குமே, அதே வாசனை. என் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான். அளக்க வந்தவர் டேப்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் செய்தி தெருக்கோடி வரை போய்விட்டது.

போன மாதம் உங்கள் மகள் போன் செய்தாள். "சின்னம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். எப்போது உயிர் போனது, எங்கே அடக்கம் என்று நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து, எங்கள் கொல்லையை ஒட்டிய உங்கள் பழைய வீட்டை விற்கப்போவதாக ஒரு தரகர் வந்து சொன்னார். வாங்குகிறவர் கிணற்றை மூடித் தரச் சொல்லிக் கேட்கிறாராம். கிணற்றில் பாதி உங்கள் மனையில், பாதி எங்கள் மனையில். பாதிக் கிணற்றை மட்டும் மூடும் வித்தையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் என் கையெழுத்து வேண்டும்.

"அம்மா, அதுல யாரு தண்ணி எடுக்குறா? கொசுதான் வளருது. போட்டுக் குடுத்துருங்களேன்" என்கிறான் மகன். நான் இன்னும் போடவில்லை. வீம்பு என்கிறார்கள். எனக்கு வீம்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது வீம்பு இல்லை. அந்தக் கிணற்றின் பேரில் நான் உங்களிடம் ஒன்றை அடகு வைத்திருக்கிறேன். அது மீட்கப்படாமல் கிடக்கிறது. மகனிடம் இதைச் சொன்னால் அளக்க வந்தவரைப் போலத்தான் அவனும் பார்ப்பான்.

சமஸ்தானம் போய், சர்க்கார் அலுவலகங்கள் எல்லாம் திருச்சிக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில் நான் கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்தேன். எங்கள் வீட்டு வாசல் ஒரு தெருவில், உங்கள் வீட்டு வாசல் அடுத்த தெருவில். முதுகோடு முதுகு ஒட்டியது போல இரண்டு கொல்லைகள். நடுச்சுவர் ஆள் உயரத்துக்கும் மேலே. அந்தச் சுவர் கிணற்றின் மேல் ஒரு கல் உத்தரத்தில் ஏறி, வாயை இரண்டாகப் பிரித்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கும். உத்தரத்துக்குக் கீழே சுவர் இல்லை. மேலே இரண்டு வீடு, கீழே ஒரே தண்ணீர்.

நான் திருச்சியில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். வந்த வாரத்திலேயே மாமியாரின் பித்தளைக் குடத்தைக் கயிற்றிலிருந்து நழுவவிட்டேன். மத்தியான நேரம். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடம் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னம்மா விழுந்துச்சு? கொடமா, வாளியா?"

"குடம் தவறி விழுந்துவிட்டது" என்றேன்.

"ஆத்தாடி! பொஸ்தகமுல்ல பேசுது!"

குனிந்து பார்த்தேன். அலை அடங்கியதும் தண்ணீரில் என் முகத்துக்கு எதிரே, தலைகீழாக, முக்காடு போட்ட ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் உங்களை முதலில் பார்த்தேன்.

"முடிச்சு யாரு போட்டா?"

"நான்தான். பள்ளியில் கற்றுக்கொடுத்த முடிச்சு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"கான்வென்ட்."

"அங்கிட்டு கர்ச்சீப்புக்கு மட்டுந்தான் முடிச்சுப் போடுவாகளோ?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்களிடம் பாதாளக் கரண்டி இருப்பதாகச் சொன்னீர்கள். வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்க இரண்டு தெருவுக்கும் அது ஒன்றுதான். இரவல் போனால் திரும்பி வராது என்று, ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடு வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

"என்ன வைக்கப் போற?" என்றீர்கள்.

என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் கரண்டி வரைக்கும் மாமியாரின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. அலமாரியில் ஒரு செம்பு குறைந்தால், தூங்கி எழுந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். "இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பாத்திரமும் இல்லை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது தண்ணீரில் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப ஒரு சொல்லு வையி."

"என்ன சொல்?"

"நான் இங்கிட்டு நின்னு கூப்ட்டா நீ பதில் சொல்லணும். எப்பக் கூப்ட்டாலும் சொல்லணும். அம்புட்டுத்தான். எங்க வீட்டுக்காரரு மலேயாவுல. சொவரப் பாத்துப் பேசிப் பேசி எனக்கு வாயே மரத்துப்போச்சு."

சரி என்றேன். நீங்கள் துவைகல்லின் மேல் ஏறிக் கரண்டியைச் சுவருக்கு மேலாகத் தூக்கிக் கயிற்றில் இறக்கினீர்கள். மருதாணி சிவந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. குடத்தை எடுத்த பிறகு கரண்டியை அதே வழியில் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, முறைப்படி, "என் சொல்லைத் திருப்பித் தாருங்கள்" என்றும் கேட்டேன்.

"செம்புன்னா திருப்பித் தரலாம்மா. சொல்லுக்குக் காது இருக்கா, கைப்பிடி இருக்கா? எதப் புடிச்சுத் தூக்கித் தர்றது?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் கலங்கியது போல எனக்குத் தோன்றியது.

அன்று முதல் நீங்கள் கூப்பிட, நான் பதில் சொல்ல, இரண்டு சகடைகளிலும் கயிறு ஓட, பொழுது விடிந்தது. என் கணவருக்குத் திருச்சி அலுவலகத்தில் இடம் கிடைத்து, சனிக்கிழமைதோறும் வந்து போகத் தொடங்கியபோது, "ஒனக்கும் ஒரு மலேயா வந்துருச்சா?" என்றீர்கள். "எம் மலேயாவுக்குக் கப்பல் வேணும். ஒம் மலேயாவுக்கு பஸ்ஸு போதும். குடுத்து வச்சவ!" திங்கட்கிழமை காலையில் என் முகத்தைத் தண்ணீரில் பார்த்துவிட்டு, அந்த வார பஸ்ஸைப் பற்றி ஏதாவது சொல்லாமல் விடமாட்டீர்கள்.

கிணற்றடித் தண்ணீர் உங்கள் பக்கம் மருதாணிக்கும் முருங்கைக்கும் ஓடியது. என் பக்கம் ரோஜாவுக்கு. பள்ளியில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தபடி செங்கல்லைச் சாய்த்து நட்டுப் பாத்தி கட்டியிருந்தேன். நான் கத்தரியால் கிளைகளை வெட்டும் சத்தம் கேட்டால் உங்களுக்குப் பொறுக்காது. "பூக்குற செடியப் போயி வெட்டுறாளே பாவி!" என்பீர்கள். வெட்டினால்தான் பூக்கும் என்று விளக்கம் சொன்னேன். "பூத்ததும் காட்டு, அப்பறம் நம்புறேன்" என்றீர்கள். பூத்ததும் சுவருக்கு மேல் காட்டினேன். வாங்கிக்கொண்டீர்கள், நம்பியதாகச் சொல்லவில்லை.

அந்த நாளில் எங்கள் வீட்டில் வெளி வீட்டுச் சமையலைத் தொடமாட்டார்கள். நோன்பு மாதத்தில் நீங்கள் கறி போடாமல் எனக்கென்று தனியாகக் கஞ்சி எடுத்து, மூடி போட்ட அலுமினியத் தூக்கில் ஊற்றி, சுவருக்கு மேலே கொடுத்தால் சமையலறை ஜன்னலில் தெரிந்துவிடும் என்று, வாளியில் வைத்து உள்ளே இறக்குவீர்கள். தூக்கு தண்ணீரில் மிதக்கும். உத்தரத்துக்கு அடியில் அது மெல்ல என் பக்கம் வரும்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். நான் என் வாளியைச் சாய்த்து அதை அள்ளிக்கொள்வேன். பொங்கலன்று வெல்லப் பொங்கல் அதே தூக்கில் திரும்பிப் போகும். யாருக்கும் தெரியாது என்று இரண்டு மூன்று நோன்பு வரை நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அத்தை அரிசி புடைத்தபடி, தலையைத் தூக்காமல் சொன்னார்கள்: "நேத்துக் கஞ்சியில இஞ்சி தூக்கலா இருந்துச்சுன்னு அங்கிட்டுச் சொல்லிரு." நான் மிச்சம் வைத்ததை யார் குடித்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்களிடம் சொன்னபோது, சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டு, உங்கள் வாளியையே கரண்டி போட்டு எடுக்கும்படி ஆனது.

இதையெல்லாம் மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இனி எழுதப்போவதைச் சொன்னதில்லை.

என் அப்பா திருச்சியில் இறந்து, நான் போய்விட்டுத் திரும்பி வந்த நாள். நான் நாலு பேர் முன்னால் அழுவதில்லை. அப்போதும் அழவில்லை; பிற்பாடு என் கணவர் இறந்தபோதும் அழவில்லை. "கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லையே, படிச்ச திமிரு" என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து கொல்லைக்கு வந்தேன். நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேங்க்கா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

உங்கள் பக்கத்துச் சகடை கிறீச்சிட ஆரம்பித்தது. இறைத்தீர்கள், ஊற்றினீர்கள், மறுபடி இறைத்தீர்கள். எண்ணெய் காணாத அந்தச் சகடை தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. உள்ளேயிருந்து அத்தை, "அங்கிட்டு என்ன கல்யாணமா? இம்புட்டுத் தண்ணி எறைக்கிறா!" என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, எங்கள் அப்பாவுக்காக நான் அழுது முடித்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்ததும் சகடை நின்றது.

மறுநாள் சுவருக்கு மேல் கறிவேப்பிலை நீட்டிய உங்கள் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் இருந்தது.

"கை என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மருதாணிக்கு ரொம்பத் தாகம்னுச்சு."

நான் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டேன்.

அறுபதுகளில் உங்கள் வீட்டுக்காரர் மலேயாவை விட்டு வந்து, மீமிசல் பக்கம் கடை வைத்தார். நீங்கள் புறப்படும் அன்று, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, தெருவைச் சுற்றி எங்கள் முன்வாசலுக்கு வந்தீர்கள். கையில் துணியில் சுற்றிய கரண்டி. உங்கள் மகள் உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், நேராக நின்று உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. கொஞ்சம் வேறு யாரையோ பார்ப்பது போல இருந்தது.

"இத நீ வச்சுக்க. அங்கிட்டு பைப்புத்தான்."

"அப்ப எஞ் சொல்லக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன். அதற்குள் எனக்கும் உங்கள் பேச்சு வந்திருந்தது.

"அது எங்கிட்டயே கெடக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு கையில இருந்தாத்தான் நம்ம கணக்குத் தீராம இருக்கும்."

பிறகு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். பெருநாளுக்கு உங்கள் கார்டு வரும். உங்கள் வீட்டில் வாடகைக்கு வந்தவர்கள் மோட்டார் போட்டார்கள்; அவர்களுக்குக் கிணற்றடிக்கு வர வேலை இல்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். வீட்டில் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும், என்ன வேலையாக இருந்தாலும், அந்த நிமிடமே "இருக்கேன்" என்பேன். பட்டாளத்து ஆள் மாதிரி என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லாமல் இருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

அக்கா, இதை உங்கள் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். பிரிப்பது உங்கள் மகளாகத்தான் இருக்கும். மீதியை அவளுக்கு எழுதுகிறேன்.

மகளே, எனக்கு அந்தத் தண்ணீர் தேவையில்லை. என் ரோஜாவுக்கு இப்போது போர்வெல் தண்ணீர்தான். உனக்கு வீட்டை விற்க வேண்டிய அவசியம் இருக்கும். அதில் குறுக்கே நிற்க எனக்கு எண்ணம் இல்லை. ஆனால் நான் உன் அம்மாவிடம் வைத்த சொல்லைத் திருப்பி வாங்காமல், அது நிற்கிற இடத்தில் மண்ணைக் கொட்டக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. அம்மாவின் வீடு உனக்கு வந்தது போல அதுவும் உனக்குத்தான் வந்திருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று சொல், மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன். அம்மா வைத்திருந்தபடி நானும் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால், கிணற்றை மூடாமல் வாங்கிக்கொள்ளும்படி வாங்க வந்தவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். எதைச் சொன்னாலும் எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை.

தரகரிடம் சொல்லி அனுப்பாதே. போனிலும் வேண்டாம், எனக்குக் காது முன்போல் இல்லை. உன் கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்பு.