அரை மில்லி லூஸ்

இன்று காலை ஒருவர் தன் மகளின் புத்தகப் பையை என் தையல் கடைக்குக் கொண்டுவந்தார். வார் பிய்ந்துவிட்டதாம். நைலான் வாரின் நுனி நூல் நூலாகப் பிரியாமல் இருக்க, மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி உருக்கிவிடுவேன். காட்டினேன். அந்த வாசனை எழுந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. லேத்தில் நைலான் உருளையைக் கடையும்போது உளி சூடேறினால் வருமே, அதே வாசனை. "எக்கா, வாரு எரியுது!" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் ஊதி அணைத்தேன்.

நீ இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

பெரம்பலூரில் ட்ராக் பேன்ட்டை அளவு கொடுத்துத் தைத்துக்கொண்ட ஒரே ஆள் நீதான். "கடையில வாங்குனா முட்டி மடக்க முடியலடி" என்று வந்து நின்றாய். பள்ளியில் பி.டி. டீச்சர். விடுமுறை நாளில் வேறு அவதாரம். கிளட்ச் இல்லாத பழைய வண்டி ஒன்றை வாங்கி, மட்கார்டு, பின்சீட்டு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, பட்டன் பட்டனாகப் புடைத்த டயரை மாட்டி, அதற்கு டர்ட் பைக் என்று பெயரும் வைத்திருந்தாய். எனக்கு அது தோலுரித்த ஆடு மாதிரித்தான் தெரிந்தது. சொன்னேன். நீ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

உனக்கு ஒரே ஓர் ஆசை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் கொட்டிய செம்மண் பெரிய மேடாக நிற்கிறது. அந்த மேட்டில் காலை ஊன்றாமல் ஒரே மூச்சில் உச்சிக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் முக்கால் உயரத்தில் சரிந்து, சிவப்பாகத் திரும்பி வருவாய்.

புது டயருக்குச் சக்கர அச்சில் மாட்ட அகலமான வளையம் வேண்டும் என்று பட்டறைக்குப் போனாய். "யாரு ஓட்டுறது, உங்க வூட்டுக்காரரா?" என்று கேட்டார்களாம். கோபத்தில் நேராக என் கடைக்கு வந்தாய். "எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம். அரியலூர்ல சனிக்கிழமை சனிக்கிழமை லேத் கத்துக்குடுக்கறாங்க. நாமளே செஞ்சுக்கலாம், வா." நாமளே என்றால் நானும். ஊசியைத் தவிர வேறு இரும்பைத் தொட்டறியாதவள் நான்.

அந்த வகுப்பில் பெண்கள் நாம் இருவர்தான். முதல் மூன்று வாரம் இரும்புத் துண்டைச் சமமாகச் சீவுவதிலேயே போனது. நாலாம் வாரம் உன் வளையங்கள் இரண்டையும் நீயே கடைந்து முடித்தாய். அச்சில் அவை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, எண்ணெய்க் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாய். அந்தக் கறை என் மஞ்சள் சுடிதாரில் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் வாரம் லேத்தில் இரும்பைக் கவ்வும் தாடையை இறுக்கும் சாவி உன் இடது கையிலிருந்து விழுந்தது. எடுத்தாய். மறுபடி விழுந்தது. "எண்ணெயா இருக்கு" என்றாய். துடைத்துக் கொடுத்தேன். அதன் பிறகும் விழுந்தது. நீ என்னைப் பார்த்து, "கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடி" என்றாய். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

திருச்சியில் பார்த்தார்கள். நரம்பு என்றார்கள். இடது கையில் தொடங்கியிருக்கிறது, மற்ற இடங்களுக்கும் வரும், நிறுத்துவதற்கு மருந்தில்லை என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். சிறுவாச்சூர் தாண்டியதும், "மழைக்கு முன்னாடி அந்த மேட்ட ஏறிடணும்" என்றாய். மழை வந்தால் பள்ளம் நிறைந்து, மேட்டுக்குப் போகும் தடம் முழுகிவிடும். அப்போது புரட்டாசி.

வண்டியின் மெல்லிய கைப்பிடியை உன் விரல்கள் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. தடியாக ஒன்று இருந்தால் பிடிப்பு நிற்கும் என்று நினைத்தோம். நானே செய்கிறேன் என்றேன். ஒரு குழாயைச் சுற்றிச் சப்பாத்தி மாவை அப்பி, உன் இடது கையால் அழுத்தச் சொன்னேன். மாவில் பதிந்த நாலு விரல் பள்ளத்தையும் என் இஞ்ச் டேப்பால் அளந்து, உன் ஜாக்கெட் அளவு எழுதியிருந்த அதே பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமை கடைந்தேன். வெள்ளை நைலான் உருளை, வெளியே நாலு விரலுக்கு நாலு பள்ளம். அழகாக வந்தது. லேத் சொல்லிக்கொடுத்த சார்கூட, "தையக்காரம்மாவுக்குக் கை நயம்" என்றார். கடைசியாக நடுவில் துளையைக் குடைய வேண்டும். வண்டியின் கைப்பிடிக் குழாய் இருபத்திரண்டு மில்லி. நான் இருபத்திரண்டரை குடைந்தேன்.

தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் குடைந்தேன். இருபது வருடமாக எந்த உடம்புக்கும் நான் சரியான அளவில் வெட்டியதில்லை. கொஞ்சம் லூஸ் விட்டு வெட்டுவேன். அதிகமென்றால் ஒரு தையல் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் புத்தியில் அரை மில்லி கூடுதலாக எடுத்துவிட்டு, பெருமையோடு சாரிடம் காட்டினேன். அவர் குழாயில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். அது கிணற்றுச் சகடை மாதிரி உருண்டது. "துணின்னு நெனச்சீங்களாம்மா? இதப் புடிச்சுத் தைக்க முடியாதே" என்றார்.

டேப் சுற்றி மாட்டிப் பார்த்தோம். முதல் குலுக்கலிலேயே திரும்பிவிட்டது. அதை நம்பி உன்னை மேட்டில் ஏற்ற முடியுமா? வேறு உருளை திருச்சியிலிருந்து வர வேண்டும். ஒரு சனிக்கிழமை அதற்காகப் போனது. அடுத்த சனிக்கிழமை நான்தான் வரவில்லை. தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. "வேலையப் பாரு, மேடு எங்க ஓடிடப் போவுது" என்று போனில் சொன்னாய். மேடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது பிடி கச்சிதமாக வந்தது. மரச்சுத்தியால் தட்டித்தான் குழாயில் ஏற்ற முடிந்தது. வகுப்புக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். நீ ஏறி உட்கார்ந்து, வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தந்தப் பள்ளத்தில் வைத்தாய். நாலும் அளவெடுத்தபடியே உட்கார்ந்தன. நான் கைதட்டினேன். நீ வண்டியை உதைத்துக் கிளப்பினாய். அந்த அதிர்வில் முதலில் சுண்டு விரல் வெளியே வந்தது. பிறகு மோதிர விரல். நீ மறுபடி எடுத்து வைத்தாய். மறுபடி வந்தது. மாவில் பதிந்த கை ஐந்து வாரத்துக்கு முந்தைய கை.

வண்டியை அணைத்துவிட்டு, "அளவெல்லாம் சரியாத்தான்டி இருக்கு. கையத்தான் ஆல்டர் பண்ணணும்" என்றாய்.

நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "ஒன்னாலதான்டி போச்சு" என்றிருந்தால், ஆமாம் என்று காலில் விழுந்திருப்பேன். முதல் பிடி சரியாக வந்திருந்தால் ஏறியிருப்பாயா? சாரைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன், உன் அம்மாவைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. நீ இளைக்க இளைக்க உன் ஜாக்கெட்டுகளைப் பிடித்துக் கொடுத்தேன். கழுத்து நிற்காதபோது பின்பக்கக் கொக்கியை முன்பக்கம் மாற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் காளியிடம் போய்க் கெஞ்சினேன். பிறகு சண்டை போட்டேன். பிறகு போவதை விட்டுவிட்டேன். கடைசியில் நீ பேசியது எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் புரிந்தது. பிறகு எனக்கும் புரியவில்லை. சரி சரி என்று தலையாட்டினேன். நீ என்ன கேட்டாய், நான் எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

வண்டி உங்கள் வீட்டுச் சந்தில் நிற்கிறது. நீ கடைந்த வளையங்கள் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. இரண்டாவது பிடியை உன் அம்மா கழற்ற விடவில்லை. உருளுகிற முதல் பிடி என் மேசை இழுப்பறையில், நூல் பாபின்களோடு கிடக்கிறது. சில சமயம் பிடித்துப் பார்ப்பேன். என் விரல்கள் குட்டை. எந்தப் பள்ளத்திலும் சரியாக உட்காராது.

இன்று வார் தைத்து முடித்த பிறகு அலமாரியைத் திறந்தேன். உனக்குக் கடைசியாகத் தைத்து, நீ போடாமலே போன பச்சை ஜாக்கெட் அங்கே இருக்கிறது. அதைத் தைக்கும்போது உன் புஜம் என் மணிக்கட்டுத் தடிமன்தான். அப்படியும் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். நீ உடம்பு தேறி வந்தால் பிரித்து விடலாம் என்று. டாக்டர் சொன்னதெல்லாம் கேட்ட பிறகுதான் விட்டேன். அதை இன்னும் வெட்டி எடுக்கவில்லை.