காணியில் ஊறப்போட்ட கடலை

செங்கலடி
22.04.2010

அன்பு மகள் தக்ஷாயினிக்கு அப்பா எழுதுவது,

கரடியனாற்றுக் காணியில் போட்ட கொண்டைக்கடலை அழுகிவிட்டது. இதைச் சொன்ன பிறகுதான் சுகம் விசாரிக்க மனம் வருகிறது. நானும் அம்மாவும் நலம், அவுஸ்திரேலியாவில் குளிர் தொடங்கும் இந்த நாளில் நீயும் மருமகனும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். போனில் நீ கேட்டபோதெல்லாம் பூத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பூத்தது உண்மை. மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மருமகன் வேலை செய்யும் தானியக் களஞ்சியத்தில் கேட்டு நீ சொன்னபடியேதான் விதைத்தேன். பொங்கல் கழிந்து மழை விட்டதும், கையில் பிடித்தால் மண் உருண்டையாக நிற்கிற ஈரத்தில், நாலு விரல் ஆழத்தில் போட்டோம். அவித்த கடலை விற்கிற நம் கடை மூட்டையில் எடுத்த கடலையை முதலில் ஈரச் சாக்கில் சுற்றி முளை பார்த்துத்தான் கொண்டுபோனேன். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, நம் காணிக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டுக் குடியிருக்கும் தங்கராசாதான் உழுதார். வாய்க்கால் எட்டாத அந்த மேட்டில் பயிர் வந்த செழிப்பைப் பார்த்து, இனி இதை விற்கத் தேவையில்லை என்றுகூட நினைத்தேன்.

நான் காணிக்குப் போவது மத்தியானம் கடை பூட்டும் நேரத்தில்தானே. மாசி வெயிலில் அந்த நேரம் செடி தலை தொங்கி நிற்கும். பின்னேரம் தானாக நிமிரும் என்பதை நான் பார்த்ததில்லை. தங்கராசாவிடம் கேட்டால், நெல்லென்டா இப்ப வாய்க்காலத் திறந்திருப்பம் முதலாளி, இதப் பத்தி எனக்கென்ன தெரியும் என்றார். நீ போனில், அப்பா, வேர் ஈரத்தைத் தேடிக் கீழ போகட்டும், தண்ணி காட்டிடாதீங்க என்றாய். நெல்லு வட்டையில வளந்தவனுக்குத் தண்ணி கட்டச் சொல்லித் தாறியா புள்ள என்று நான் போனை வைத்தேன். அந்தச் சொல்தான் இப்போது என்னை அறுக்கிறது. சுனாமியில் கல்லடியில் இருந்த கடையைக் கடல் அள்ளிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவன் நான். அப்படியிருந்தும் தண்ணீர் கூடினால் கெடும் என்பது புத்தியில் ஏறவில்லை.

பம்பை வாடகைக்கு எடுத்து, ஓடையில் குழாயைப் போட்டு, நெல்லுக்குக் கட்டுவதுபோல் வரம்பு கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஒரு கிழமைக்குள் எல்லாம் மஞ்சள். பிடுங்கினால் வேர் கறுத்துக் கையோடு வந்தது. மேல்மூலைக்குக் குழாய் எட்டவில்லை. எட்டாத அந்தத் துண்டு மட்டும் காய்த்து அரை மூட்டை தந்தது. அம்மா விடுவாவா? கடைக்கு ஊறப்போடுற பழக்கத்தில காணியிலயும் ஊறப்போட்டுட்டார் என்று வருகிற சனத்துக்கெல்லாம் சொல்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை மகள்.

இந்தப் போகம் பிழைத்தால் காணியை அரிசி ஆலைக்காரருக்குக் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தேன், நீயும் அழுதாய். நீ உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய மண், திரும்பி வந்தால் வீடு கட்ட வைத்திருப்பது. செய்தி கேட்டு அவர் முற்பணத்தோடு கடைக்கே வந்தார். அந்த மேல்மூலை மட்டும் இல்லையென்றால் கையை நீட்டியிருப்பேன். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிள்ளைக்குத் தமிழில் நாலு வார்த்தை சொல்லிக் கொடு. இரவு வேலையைக் குறை. மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும். மருமகனிடம் மறக்காமல் சொல், வருகிற தையில் திரும்பவும் விதைக்கிறோம். தங்கராசாவோடு பேசி முடித்தாயிற்று: விதை என்னுடையது, உழைப்பு அவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நான் பம்பைக் காணிக்குள் இறக்கினால் விளைச்சல் முழுவதும் அவருக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா