கடுகண்ணாவை இறக்கத்தில் பேசிய விலை

அக்கா,

இன்று காலை ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புது லாரி வந்து நின்றது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வண்டி வருவதே அருகிப்போன இந்த நாளில், அதைப் பார்க்க ஒரு கூட்டம் கூடிவிட்டது. வாங்கியவர் எனக்குத் தெரிந்தவர். "ஏறிப் பாருங்க, பழைய டிரைவராச்சே" என்று கதவைத் திறந்துவிட்டார். புதுப் பெயிண்டும் ரெக்சினும் ரப்பரும் கலந்த வாடை முகத்தில் மோதியது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுவிட்டேன். ஏற முடியவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் உங்களிடம் நான் சொன்னது முன்னும் பின்னுமாக, அழுகையில் பாதி விழுங்கியபடி சொன்னது. அதை ஒரு தடவையாவது முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

முதல் லாரியை வாங்கக் கண்டிக்குப் போனபோது நீங்கள் வரவில்லை. அண்ணனும் நானும்தான் போனோம். அண்ணன் என்று கூப்பிட்டேனே தவிர, உங்கள் வீட்டுக்காரர் எனக்கு உறவில்லை. அக்கரப்பத்தனையில் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவனை லைசன்ஸ் எடுக்கவைத்து, கொட்டகலையில் உங்கள் மரக்கறிக் கடைக்குக் கூட்டிவந்தவர் அவர். "நமக்குன்னு ஒரு வண்டி வந்தா நீதான்டா டிரைவரு" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை வாடகை லாரியில்தான் கொழும்புக்கு மரக்கறி போனது.

லாரி விற்கும் அந்தக் கம்பெனியில் முன்பக்கம் கண்ணாடி போட்ட மண்டபத்தில் புது லாரிகள் நிற்கும். பழைய வண்டிகள் பின்கட்டில். நாங்கள் பின்வாசல் வழியாகப் போனோம். பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்த ஒரு லாரியைக் காட்டினார், டை கட்டிய ஒரு விற்பனைக்காரர். "ஒரே கை ஓட்டின வண்டிங்க. எஞ்சினைத் தொட வேண்டியதில்ல" என்றார். அண்ணன் மத்தியானம் வரை பேரம் பேசினார். கடைசியில் மழைக்குப் போர்த்தும் படங்கு ஒன்றைச் சும்மா கொடுக்கச் சம்மதிக்கவைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எவ்வளவு சந்தோஷம் அந்த மனிதருக்கு!

குளக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சமதரை. பிரேக்கை மிதித்தேன். கால் பாதித் தூரம் சும்மா இறங்கியது. இரண்டாம் தடவை மிதித்தபோதுதான் பிடித்தது. பக்கத்தில் இருந்த விற்பனைக்காரர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். ஓட்டப் போகும் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: "இதுவும் சரிவரலேன்னா லாரிக் கதையையே விட்டுருவோம் தம்பி. வாடகை வண்டியே போதும்." வண்டி இல்லையென்றால் டிரைவர் எதற்கு? கவ்வாத்துக் கத்தியும், அட்டை கடித்த காலும், தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் ஏழு பேரும் என் கண்முன் வந்து நின்றார்கள்.

"எப்படியிருக்கு?" என்றார்.

"நல்லாயிருக்கு அண்ணே" என்றேன்.

மூன்று மாதம் அந்த லாரியை ஓட்டினேன். ஹட்டனில் ஒரு மெக்கானிக்கிடம் அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு தடவை காட்டினேன். நாலு நாள் சரியாக இருக்கும், பிறகு பழையபடி கால் இறங்கும். அண்ணனிடம் சொன்னால், முதல் நாளே தெரிந்தும் மறைத்தது வெளியே வருமே என்று பயந்தேன். இறக்கத்தில் இரண்டு தடவை மிதித்து ஓட்டப் பழகிக்கொண்டேன். பழகப் பழக அது ஒரு கோளாறாகவே தோன்றவில்லை, அக்கா. அதுதான் இப்போது என்னை அதிகம் நடுங்கவைக்கிறது.

எனக்குக் காய்ச்சல் வந்த அன்று அண்ணன் நான் தங்கியிருந்த அறைக்கே வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "படுத்துக்க. முட்டைக்கோவா மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு, நின்னா அழுகிப்போகும். நானே கொழும்புக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன். சொல்ல வாயெடுத்தேன். வந்தது இவ்வளவுதான்: "அண்ணே, இறக்கத்துல கியரைக் கொறச்சு ஓட்டுங்க." "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கினிகத்தேனை இறக்கத்தில், இரண்டு வளைவு தாண்டி, மூன்றாவதில் பிரேக் பிடிக்காமல் வண்டி பள்ளத்தில் போய்விட்டது. சரிவு முழுக்கக் கோவா உருண்டு கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எழவு வீட்டுக்குக் காய்ச்சலோடு வந்தேன். கூட்டத்தில் என்னைக் கண்டதும் நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நல்லவேளை தம்பி, நீயாவது அதுல போகலையே."

பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை எனக்கு அன்று.

எட்டு மாதம் கழித்துப் புது லாரி வாங்கப் போகிறேன் என்றீர்கள். ஊரே உங்களுக்குப் புத்தி சொன்னது. "வண்டி இல்லேன்னா தோட்டக்காரன் எவனும் நமக்கு மரக்கறி போட மாட்டான். ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வச்சுக்கிட்டு நான் என்னத்த விக்கிறது?" என்று கேட்டீர்கள். கடையில் பாதியை விற்றீர்கள். ஒரு வெள்ளைப் புடவையில், மடியில் பணத்தோடு, என்னையும் கூட்டிக்கொண்டு கண்டி ரயில் ஏறினீர்கள். வேறு கம்பெனிக்குப் போவோம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "அங்கதான் போகணும்" என்றீர்கள்.

இந்தத் தடவை முன்வாசல். மண்டபத்தில் அதே மனிதர், அதே டை. உங்களை அவர் பார்த்ததில்லை. என்னைத்தான் உற்றுப் பார்த்தார். "டிரைவரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விலையை அவர் என்னிடமே சொல்லத் தொடங்கினார்.

"வாங்கப் போறது நான்" என்றீர்கள். "என்கிட்ட பேசுங்க."

பின்பக்கத்துக்குப் பலகை அடித்து முடித்த ஒரு சிவப்பு லாரி நின்றது. "இதை ஏற்கனவே ரெண்டு பேரு கேட்டிருக்காங்கம்மா. இன்னைக்கே முடிச்சீங்கன்னாத்தான் உங்களுக்கு" என்றார். நீங்கள் முன்பக்க இரும்பில் ஒரு விரலை இழுத்து, அதை அவரிடம் காட்டினீர்கள். "ரெண்டு பேரு கேட்ட வண்டியில இவ்வளவு தூசி எப்படிங்க?"

அவர் முகம் சுருங்கியது. தவணைப் பேச்சுக்குத் தாவினார். "பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கா? இருந்தா தவணைக்கு எழுதலாம். நாளைக்கே உங்களையெல்லாம் இந்தியாவுக்கு ஏத்திவிட்டா கம்பெனி யாருகிட்ட போய் நிக்கும்?"

"எங்கம்மா பொறந்ததே அக்கரப்பத்தனையிலதாங்க. பத்திரம் கேட்டு எழுதிப் போட்டோம். இல்லேன்னுட்டாங்க" என்றீர்கள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தவணை வேண்டாம். முழுக் காசும் கொண்டாந்திருக்கேன். நீங்க சொன்ன வெலையில ஒரு ரூவா கொறைக்கச் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். பாரம் ஏத்தி கடுகண்ணாவை இறக்கத்துல ஓட்டிப் பாக்கணும். நீங்களும் கூட வந்து உக்காரணும்."

அவர் சிரித்தார். அப்படி வழக்கமில்லை என்றார். நீங்கள் மடியிலிருந்த பையை மேசைமேல் வைத்தீர்கள். உள்ளேயிருந்து மானேஜர் எழுந்து வந்தார். முழுக் காசு என்றதும், "கூடப் போய்ட்டு வாங்களேன், இதுல என்ன இருக்கு" என்று விற்பனைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாரத்துக்கும் நீங்கள் முன்பே ஏற்பாடு செய்திருந்தீர்கள். கண்டிச் சந்தையில் உங்களிடம் மரக்கறி எடுக்கும் முதலாளியின் கிழங்கு மூட்டைகள் மாவனெல்லைக்குப் போகக் காத்திருந்தன. ஏற்றினோம். விற்பனைக்காரர் கதவோரம் உட்காரப் போனார். "நீங்க நடுவுல உக்காருங்க" என்றீர்கள். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள்.

பாறையைக் குடைந்த வழியைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. பிரேக் முதல் மிதியிலேயே பிடித்தது. ஆனால் என் கால் பழக்கத்தில் இரண்டாம் தடவையும் மிதித்தது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை. அவர் அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். அவருக்கு வேர்த்து, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. பாதி இறக்கத்தில், "தம்பி, ஓரமா நிறுத்து" என்றீர்கள். நிறுத்தினேன்.

"பச்சை லாரி ஒண்ணு வித்தீங்களே, ஞாபகமிருக்கா?" என்று கேட்டீர்கள். "அதுல செத்தவரு என் வீட்டுக்காரரு."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் விக்கிறவன்மா. விக்கிறவன் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவான். ஓட்டிப் பாத்தவரு இந்தா பக்கத்துலதான் இருக்காரு. அன்னைக்கும் பிரேக்கை ரெண்டு தடவை மிதிச்சாரு. இறங்கி வந்து நல்லாயிருக்குன்னுதானே அவரும் சொன்னாரு?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒரு பஸ் முக்கிமுக்கி ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு உங்கள் குரல் வந்தது.

"வண்டியை எடு."

மூட்டைகளை மாவனெல்லையில் இறக்கிவிட்டுக் கண்டிக்குத் திரும்பினோம். கம்பெனியில் நீங்கள் சொன்ன சொல் மாறாமல் முழு விலையையும் கொடுத்தீர்கள். விற்பனைக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்காமல், "ஒரு படங்கு சும்மா தர்றேம்மா, கொண்டு போங்க" என்றார்.

"அதுக்கு ஏற்கனவே ஒரு தடவை வெல குடுத்தாச்சுங்க" என்றீர்கள்.

அன்றோடு என்னை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. மறுநாள் காலை மூட்டை ஏற்றச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். ஆனால் அதன்பிறகு நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை. "டிரைவர்" என்றுதான் கூப்பிட்டீர்கள். "வாங்க டிரைவர்", "சாப்பிட்டீங்களா டிரைவர்". அந்த மரியாதை ஒவ்வொரு நாளும் என் தோலை உரித்தது. ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரர், "வேற ஆளே கிடைக்கலையா?" என்று உங்களிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "பயந்தவன்தான் பாத்து ஓட்டுவான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சிவப்பு லாரியில்தான் மூத்தவளுக்குக் கல்யாணச் சாமான் வந்தது. இளையவள் டீச்சர் வேலைக்குப் படித்ததும் அது உழைத்த காசில். ஆறு வருடத்தில் அதன் மேல் ஒரு கீறல் விழ நான் விடவில்லை. அதற்காக நீங்கள் என்னைப் பாராட்டியதும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நெஞ்சு வியாதியில் நீங்கள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள்கள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டியில் மறைத்தது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் தெரிந்தே ஓட்டியது தெரியாது. காய்ச்சலன்று அண்ணனிடம் சொல்ல வந்து விழுங்கியது தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பனி மூடியிருந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். முடித்ததும், "ஏன் சொல்லலை?" என்றீர்கள்.

"வண்டி வேணாம்னா என்னைய மறுபடி மலைக்குக் கவ்வாத்துக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா."

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். கோபம் இல்லை. மிகவும் களைத்த ஒரு வியப்பு இருந்தது.

"கண்டிக்குப் போறதுக்கு முந்தின நாளே அவரு என்கிட்ட சொன்னாரு. லாரி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, பையன் கடையிலேயே இருக்கட்டும், அவன் ஆத்தாகிட்ட வாக்கு குடுத்துட்டேன்னாரு. உன்கிட்ட சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவரு சொல்லியிருந்தா நீயும் சொல்லியிருப்ப" என்றீர்கள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன். நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மன்னித்தேன் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அண்ணனை நான் அவ்வளவு சின்ன மனிதராக எடை போட்டுவிட்டேனே, அக்கா! எனக்குச் சோறு போட வாக்குக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றவரிடம், என் சோற்றுக்குப் பயந்து பொய் சொன்னேன். இந்த ஒன்றைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். இதை இறக்கிவைக்க எனக்கு இடம் தெரியவில்லை.