ஞாயிறு பதினோரு மணி வகுப்பு

மைசூர்
14.6.1998

அன்புள்ள சொர்ணம்,

நானும் அனுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா, உன் இடுப்பு வலி தேவலையா என்று தெரியவில்லை. போனில் எல்லாவற்றையும் கேட்கவா முடிகிறது.

நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக் கதவு இன்னும் திறக்கவில்லை. யூனியன்காரர்கள் அடுத்த மாதம் என்கிறார்கள். போன மாதமும் அதைத்தான் சொன்னார்கள். அதுவரை அக்ரஹாரத்துப் பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

இன்று ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சிரிக்காதே. நூலகத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பிரபஞ்சம் பிறந்தது முதல் இன்றுவரை, ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு, இலவசம், முன்படிப்பு எதுவும் தேவையில்லை என்று. அந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட ஹால். இராமச்சந்திரன் என்று ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர் நடத்துகிறார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது.

வந்ததும் கன்னடத்தில் கேட்டார்: "இவத்து பெளிக்கே குடித நீரிகே எஷ்டு வயசு?" இன்று காலையில் குடித்த தண்ணீருக்கு என்ன வயது என்று. ஒருவர் நேற்று டேங்கில் நிரம்பியது என்றார். இன்னொருவர் போன வருஷத்து மழை என்றார். பேராசிரியர் எல்லோரும் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு, தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களிலேயே தயாராகிவிட்டது, ஆயிரம் கோடி ஆண்டுக்கும் மேலே என்றார். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அனு, "அப்பா, குடிக்கப் போறியா இல்லியா" என்றாள்.

அவர் இங்கிலீஷில் வேகமாகப் போகும்போது எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபா டீச்சர் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
கந்தசாமி


மஸ்கட்
5.7.1998

அனு அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அனுவுக்குக் காதில் சீழ் வந்ததே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரி இல்லை. இங்கே நாங்கள் குடிப்பது கடல் தண்ணீர். உப்பெடுத்துக் குழாயில் விடுகிறார்கள். அதன் வயதைக் கேட்க எங்களுக்கு நேரமில்லை.

நீங்கள் வகுப்புக்குப் போவதில் எனக்குச் சந்தோஷம்தான். வேலையில்லாத நேரத்தில் சீட்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரூபா டீச்சர் எந்தப் பள்ளிக்கூடம்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கொள்ளேகால் என்றால் நமக்குத் தெரிந்த குடும்பமாக இருக்கலாம், அதனால் கேட்கிறேன்.

அனுவுக்கு என் முத்தங்கள்.

சொர்ணலதா


மைசூர்
2.8.1998

அன்புள்ள சொர்ணம்,

அனுவின் காது சரியாகிவிட்டது. எழுத மறந்தது தப்புதான்.

ரூபா டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார்கள். கணவர் தவறி நாலைந்து வருஷமாகிறது. அவர்கள் தம்பி சரஸ்வதிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். இன்டர்நெட் என்று வந்திருக்கிறதே, அது அங்கே இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சில பேராசிரியர்கள் தங்கள் பாடங்களை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று அதில் போட்டிருக்கிறார்களாம், காசில்லாமல். டீச்சர் அதை அச்செடுத்து வருகிறார்கள். பேராசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நானு ஐவத்து வர்ஷ ஹுடுகித்து இல்லே இதே" என்றார். ஐம்பது வருஷம் தேடியது இங்கேயே இருக்கிறது என்று. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பூமி உருவானது முடிந்து இப்போது உயிர் தோன்றியதில் இருக்கிறோம். எனக்கு நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடம் போகிற மாதிரி இருக்கிறது. பஸ்ஸில், கடையில், எங்கே நின்றாலும் மனம் அதிலேயே ஓடுகிறது. சண்டை, ஸ்டிரைக், லாக் அவுட் எல்லாம் சின்னதாகத் தெரிகிறது.

அனுவையும் கூட்டிப் போகிறேன். அவள் கேட்கிற கேள்விகளுக்கு டீச்சர்தான் ஈடுகொடுக்கிறார்கள். "ரூபா ஆன்ட்டி, ரூபா ஆன்ட்டி" என்று அவர்கள் பின்னாலேயே போகிறாள். உனக்குப் படிக்க ஆசையாக இருக்குமே என்று பாடங்களைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாத இடங்களை டீச்சர் திருத்திக் கொடுத்தார்கள்.

உன்
கந்தசாமி


மஸ்கட்
6.9.1998

அனு அப்பாவுக்கு,

எனக்கு இனிமேல் பாடம் எழுதி அனுப்ப வேண்டாம்.

உங்கள் தங்கை சரசு எழுதியிருந்தாள். "அண்ணி, அண்ணன் முகத்துல இப்பத்தான் ஒரு களை வந்திருக்கு. கிளாஸ் முடிஞ்சதும் அந்த டீச்சர்கூட ஓட்டல்ல உக்காந்து காபி குடிச்சுட்டுத்தான் வர்றாங்க, அனுவும் கூடத்தான் இருக்கா, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று. நினைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் கடிதம் போட்டிருக்கிறாள்.

நான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். உங்கள் பதினோரு மணி எங்களுக்கு ஒன்பதரை. வார்டில் மருந்து கொடுத்து முடித்து, படுக்கை மாற்றிக்கொண்டிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தால், இப்போது என் வீட்டுக்காரர், என் பெண், யாரோ ஒரு டீச்சர், மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூமி பிறந்த கதை கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. கையிலிருக்கும் விரிப்பைக் கிழித்துப் போடலாம் போல இருக்கிறது.

அந்த இன்டர்நெட் இங்கே ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. டாக்டர்களின் அறையில். நர்ஸுகளுக்கு அந்த அறைச் சாவி கிடையாது.

பி.யு.சி.யில் எனக்கு சயின்ஸ் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். மகாராணி காலேஜில் பி.எஸ்ஸி. இடமும் வந்தது. அப்பா நர்சிங்கில் சேர்த்தார், ஹாஸ்டலில் சாப்பாடு போடுவார்கள் என்று. கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் படிக்கலாம் என்று நீங்களும் நானும் பேசினோம். அனு பிறந்தாள், வீடு கட்டினோம், நான் விமானம் ஏறினேன். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் படிக்க ஆசைப்பட்டவள் நான். நீங்கள் பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தாண்டமாட்டீர்கள்.

உங்களுக்குப் பாடத்தைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறது. எனக்குத் திருத்திய பிரதி வருகிறது.

சொர்ணலதா


மைசூர்
4.10.1998

சொர்ணம்,

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அனுவையும் அனுப்பவில்லை. அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ரூபா டீச்சர் வீட்டுக்கு வந்து, "என்னங்ணா, ஒடம்புக்கு ஏதுங்களா? ரெண்டு வாரமா காணமே" என்று வாசலில் நின்றே கேட்டார்கள். கடையில் வேலை அதிகம் என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. அவர்கள் போன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.

நீ நிம்மதியாக இரு.

கந்தசாமி


மஸ்கட்
8.11.1998

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் வரை இருந்தது. பிறகு போய்விட்டது. நீங்கள் விட்டதால் எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இப்போது நம் வீட்டில் மூன்று பேரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ஆகஸ்டில் அனுப்பிய பாடங்களை நான் படிக்காமல் பெட்டிக்கு அடியில் போட்டிருந்தேன். போன வாரம் எடுத்து, டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். பிராணவாயுவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இருநூறு கோடி ஆண்டுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைக் கழிவாக வெளியே விட்டன, அன்றைக்கு இருந்த மற்ற உயிர்களுக்கு அது விஷம், பெரும்பாலும் செத்துப்போயின, தாக்குப்பிடித்தவற்றிலிருந்துதான் நாம் வந்தோம் என்று. பதினெட்டு வருஷமாக நான் சிலிண்டரைத் திறந்து நோயாளி மூக்கில் குழாய் வைக்கிறேன். எத்தனை பேர் கடைசியாக என் கையால் அதைத்தான் வாங்கினார்கள். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று ஒரு வயதான அம்மாவுக்கு மாஸ்க் மாட்டும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, மூன்றாவது பெட்டுக்கு ட்ரிப் முடிந்துவிட்டது என்றாள்.

சொல்ல ஒரு ஆள் இல்லை என்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. ரூபா டீச்சர் மேல் எனக்குப் பொறாமை. இப்போதும் இருக்கிறது. உங்கள் மேல் அதைவிட அதிகம். அனுவிடம்கூடக் கொஞ்சம் இருக்கிறது, பெற்ற பெண்ணிடம் இப்படி வருமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதினாலு வயதில் அவளுக்கு அந்த பெஞ்சு கிடைத்துவிட்டது.

நீங்கள் மறுபடியும் போங்கள். அனுவைக் கூட்டிக்கொண்டு போங்கள். டீச்சரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேலை ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டிக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பிப்ரவரியோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உங்கள்
சொர்ணம்


மைசூர்
6.12.1998

அன்புள்ள சொர்ணம்,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். சந்தோஷம். போன ஞாயிறு நானும் அனுவும் வகுப்புக்குப் போனோம். பேராசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. "பன்னி, கூத்துக்கொள்ளி" என்றார். வாருங்கள், உட்காருங்கள் என்று. டீச்சரிடம் நீ விசாரித்ததைச் சொன்னேன். விட்டுப்போன பாடங்களை அவர்களே அனுவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி நீ அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். அனு பத்தாவது, பிறகு பி.யு.சி. அதற்குப் பிறகு என்ஜினியரிங்கோ மெடிக்கலோ. தொழிற்சாலை திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. இங்கே நர்ஸுகளுக்கு என்ன கிடைக்கும் என்று உனக்கே தெரியும். சரசுவும் அதையே சொல்கிறாள்.

இரண்டு வருஷம்தான், சொர்ணம். கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வகுப்பு எங்கே போகப்போகிறது. ஒரு சுற்று முடிந்தால் பேராசிரியர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதுவரை ஒரு பாடம் விடாமல் எழுதி வைக்கிறேன். நீ வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கலாம். தெரியாததை நான் சொல்லித் தருகிறேன்.

யோசித்து எழுது.

உன்
கந்தசாமி


மஸ்கட்
24.1.1999

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

யோசித்தேன். நீங்கள் சொன்னதற்காக ஒரு மாதம் தள்ளிப்போட்டு யோசித்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. பணம் குறையும். அனு படிப்புக்குக் கடன் வாங்க வேண்டி வரலாம். சரசு நான் புத்தி கெட்டவள் என்று தெருவெல்லாம் சொல்வாள்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. தெரியாததை நீங்கள் சொல்லித் தருகிறீர்களாம். எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம். நான் பேராசிரியரிடமே கேட்டுக்கொள்கிறேன். நானும் தப்பாகப் புரிந்துகொண்டு, எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் தப்பான பதில் சொல்ல வேண்டும். வகுப்பு எங்கே போகப்போகிறது என்கிறீர்கள். எழுபதைத் தாண்டிய மனிதர் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கும் நாற்பது முடிந்துவிட்டது. பதினாறு வயதிலிருந்து எனக்கு எல்லோரும் இரண்டு வருஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நீங்கள் படித்தால் உங்கள் முகத்தில் களை வருகிறது. நான் அதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதைவிட, என் முகத்தில் வருவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மைசூரில் என்னோடு படித்தவள் ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறாள். ஏப்ரலிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று மட்டும் கேட்டேன், சரி என்றார்கள். மற்ற கிழமைகளில் எந்த ஷிப்ட் போட்டாலும் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. மார்ச் ஏழாம் தேதி விடியற்காலையில் பெங்களூர் வருகிறேன். நீங்களும் அனுவும் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பஸ் பிடித்து, மைசூர் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோவில் நேராக அந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கே வந்துவிடுகிறேன், பெட்டியோடு. பதினோரு மணிக்குள் வரப் பார்க்கிறேன். எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்கள். உங்கள் பக்கத்தில் வேண்டாம். ரூபா டீச்சர் பக்கத்தில்.

உங்கள்
சொர்ணலதா